படத்தைத் திருப்பாமல் அச்சைத் திருப்புதல்

கடந்த வாரம் நிலாவெளியிலுள்ள ஒரு காணியின் அளவைப் படம் எங்கள் அலுவலகத்துக்கு மின்னஞ்சலில் வந்தது. வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதமான ஒரு தங்கச்சியிடம் அதைத் திறந்து பார்க்கும்படி கொடுத்திருந்தேன். அரை மணித்தியாலம் கழித்து அவர் பக்கத்தில் போய் நின்றபோது, வீதியை நோக்கிய எல்லைக்கோடு திரையில் கிடையாகக் கிடந்தது. “படம் சரிஞ்சு கிடந்தது அண்ணா, நேராக்கி வைச்சிட்டன்” என்றார். நல்ல மனதோடு செய்த வேலைதான். இருந்தாலும், கோப்பைச் சேமிக்க வேண்டாம், செய்ததை முழுவதும் பின்வாங்குங்கள் என்று உடனே சொல்லவேண்டியிருந்தது. ஏன் என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு நான் சொன்ன பதில் அன்று மாலை வரை நீண்டது. படவரைஞர் வேலைக்கு வரும் பிள்ளைகள் எல்லோருக்கும் உதவக்கூடும் என்பதால் அதை இங்கே எழுதி வைக்கிறேன்.

கணினியில் நாம் கோடு வரைகிறோம் என்று நினைக்கிறோம். கோப்பில் பதிவாவதோ எண்கள். ஒரு கோட்டுக்கு இரண்டு முனைகள், ஒவ்வொரு முனைக்கும் எக்ஸ், வை, இசட் என்று மூன்று எண்கள். பாடசாலையில் தெக்காட்டின் தளம் என்று சதுரத்தாளில் படித்த அதே விடயம்தான். இரு அச்சுகள் வெட்டும் இடத்தை உற்பத்தி என்றோம், அங்கிருந்து எவ்வளவு கிழக்கே, எவ்வளவு வடக்கே என்று எண்ணிப் புள்ளியைக் குறித்தோம். ஆகவே, படத்தைப் பிடித்து நகர்த்துவதும் திருப்புவதும் அதிலுள்ள ஒவ்வொரு புள்ளியின் எண்ணையும் மாற்றி எழுதுவதாகும். வீட்டுப் படமென்றால் அதனால் பெரிய தீங்கில்லை. அளவையாளர் தந்த படமென்றால், அந்த எண்கள் நிலத்தின் மேல் ஓர் இடத்துக்குக் கட்டுப்பட்டவை. அவற்றை மாற்றிய கணத்தில் அந்தக் கட்டு அறுந்துபோகிறது.

அந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன என்பதை அறிந்து வைத்திருப்பது நல்லது. இலங்கையின் அளவைப் படங்களில் இன்று நாம் காணும் ஆள்கூறுகள் பெரும்பாலும் எஸ்எல்டி 99 என்று சுருக்கமாக அழைக்கப்படும் 1999ஆம் ஆண்டின் தேசிய வலையமைப்பைச் சேர்ந்தவை. அதன் மைய நெடுங்கோடு கிழக்கு 80 பாகை 46 கலையை ஒட்டிச் செல்கிறது. மையப் புள்ளி பிதுருதலாகல மலையின் பக்கத்தில் விழுகிறது. அந்தப் புள்ளிக்கு 0,0 என்று கொடுத்தால் நாட்டின் மேற்குப் பாதிக்கும் தெற்குப் பகுதிக்கும் மறை எண்கள் வந்துவிடும் என்பதால், அதற்கு ஈஸ்டிங் (கிழக்கு எண்) 5,00,000 மீற்றர், நோர்த்திங் (வடக்கு எண்) 5,00,000 மீற்றர் என்று பெயரளவில் கொடுத்துவிட்டார்கள். அப்படியானால் உண்மையான 0,0 எங்கே இருக்கிறது? மலையிலிருந்து 500 கிலோமீற்றர் மேற்கே போய், அங்கிருந்து 500 கிலோமீற்றர் தெற்கே போனால் இந்து சமுத்திரத்தின் நடுவில் இருக்கிறது. அளவைப் படத்தைத் திறந்தவுடன் திரையில் ஒன்றும் தெரியாமல் வெறுமையாக இருப்பதன் காரணம் இதுதான். நாம் பார்த்துக்கொண்டிருப்பது கடலை, காணி கிடப்பதோ நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் வடகிழக்கில்.

உப்புவெளிக் கடற்கரையை ஒட்டிய ஒரு புள்ளியை எடுத்துக்கொள்வோம். எஸ்எல்டி 99இல் அதன் ஈஸ்டிங் ஏறத்தாழ 5,49,000, நோர்த்திங் 6,77,000. அதே புள்ளி பழைய கந்தவல வலையமைப்பில் 2,49,000 என்றும் 3,77,000 என்றும் இருக்கும், ஏனென்றால் அதில் மலைப் புள்ளிக்குக் கொடுத்த பெயரளவு எண்கள் 2,00,000. கையடக்க ஜிபிஎஸ் கருவியில் யூடிஎம் என்ற உலகப் பொது வலையமைப்பில் வைத்து வாசித்தால், நாங்கள் 44ஆம் வலயத்தில் இருப்பதால், ஈஸ்டிங் 5,24,000 அளவிலும் நோர்த்திங் 9,51,000 அளவிலும் வரும். மூன்றும் ஒரே மணலைத்தான் சுட்டுகின்றன. யாராவது ஒருவர் ஆள்கூறு என்று ஒரு தாளை நீட்டினால் முதல் மூன்று இலக்கங்களைப் பார்த்தே அது எந்த வலையமைப்பு என்று திருகோணமலையில் வேலை செய்பவர் சொல்லக்கூடியவராக இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். வடக்கு எண் 3இல் தொடங்கினால் பழையது, 6இல் தொடங்கினால் புதியது, 9இல் தொடங்கினால் யூடிஎம். பழையதிலிருந்து புதியதுக்கு மாற்ற இரண்டிலும் 3,00,000ஐக் கூட்டினால் போதும் என்று சிலர் செய்கிறார்கள். கிட்டத்தட்டச் சரியாக வரும். இரண்டின் அடிப்படையும் ஒன்றில்லாததால் அந்தக் ‘கிட்டத்தட்ட’ எல்லைக்கல் விடயத்தில் உதவாது.

இந்த முறையைக் கணினி கண்டுபிடித்ததென்று நினைத்துவிடக் கூடாது. ஆழ்கடலில் வலை போட்ட இடத்துக்கு மறுநாள் திரும்பி வருவதற்கு எங்கள் கடற்றொழிலாளர் கரையில் ஒரு மலையையும் ஒரு கோபுரத்தையும் ஒரே நேரில் பிடிப்பார்கள், வேறொரு திசையில் இன்னும் இரண்டு அடையாளங்களை நேராக்குவார்கள். இரண்டு நேர்கள் வெட்டுகிற இடத்தில்தான் வலை. அச்சு இரண்டு, வெட்டும் புள்ளி ஒன்று என்ற அளவில் அதுவும் ஆள்கூறுதான்.

நாங்கள் படம் வரையும் மென்பொருளான ஓட்டோகேட்டில் ஒரு புள்ளியைச் சொல்வதற்குப் பல வழிகள் உண்டு. எக்ஸ் எண், காற்புள்ளி, வை எண் என்று நேரே தட்டச்சிடுவது தனி ஆள்கூறு. கடைசியாக வைத்த புள்ளியிலிருந்து இவ்வளவு தூரம் என்று சொல்ல முன்னால் @ குறியைப் போடுகிறோம், அது சார் ஆள்கூறு. தூரத்தையும் கோணத்தையும் சொல்ல வேண்டுமானால் @25<19 என்று எழுதுகிறோம், 25 அலகு தூரம், 19 பாகைக் கோணம். இங்கே ஒரு சிக்கல் வழக்கமாக வருகிறது. அம்புக்குறியின் பக்கத்தில் பெட்டி காட்டும் உள்ளீட்டு முறை திறந்திருந்தால், இரண்டாவது புள்ளிக்கு நீங்கள் @ போடாவிட்டாலும் மென்பொருள் அதைச் சார் ஆள்கூறாகவே எடுத்துக்கொள்ளும். அளவையாளரின் எண்களை ஒவ்வொன்றாகத் தட்டச்சிடும்போது முதல் எல்லைக்கல் சரியான இடத்தில் விழும், இரண்டாவது கல் அதிலிருந்து இன்னுமோர் 549 கிலோமீற்றர் கிழக்கே போய் விழும். முன்னால் # போட வேண்டும், அல்லது எஃப்12ஐ அழுத்தி அந்தப் பெட்டியை மூடிவிட்டுத் தட்டச்சிட வேண்டும்.

கோணத்தில் இதைவிட ஆழமான ஒரு வேறுபாடு உண்டு. அளவையாளர் திசைகோணத்தை வடக்கிலிருந்து தொடங்கி மணிக்கூட்டுத் திசையில் அளக்கிறார். மென்பொருள், நாம் மாற்றி அமைக்காத வரையில், கிழக்கிலிருந்து தொடங்கி அதற்கு எதிர்த்திசையில் அளக்கிறது. அளவைப் படத்தில் வீதிப்பக்க எல்லைக்குத் திசைகோணம் 71 பாகை என்று எழுதியிருந்தால், திரையில் அது 90இலிருந்து 71ஐக் கழித்த 19 பாகை. நிலாவெளிக் காணி அப்படித்தான் 19 பாகை சரிந்து கிடந்தது. அலகுகளைத் தெரிவுசெய்யும் இடத்தில் தொடக்கத் திசையை வடக்கு என்றும் சுழற்சியை மணிக்கூட்டுத் திசை என்றும் மாற்றிவிட்டால் திசைகோணங்களை அப்படியே தட்டச்சிடலாம். ஆனால் அந்த மாற்றம் அந்தக் கோப்போடு ஒட்டிக்கொண்டு போகும். அதை மறந்துவிட்டு அடுத்த நாள் அதே கோப்பில் ஒன்றை 90 பாகை திருப்பினால் அது மறுபக்கம் திரும்பும். கழித்தலை மனதில் செய்துகொண்டு கோணமுறையை எப்போதும் ஒன்றாகவே வைத்திருப்பதைத்தான் நான் விரும்புகிறேன். 90இலிருந்து கழிப்பது கடினமான கணக்கில்லை.

சரிந்த காணிக்குள் ஒரு வீட்டை வரைவது உண்மையிலேயே தொல்லையான வேலை. சுவர்கள் எல்லாம் 19 பாகையில் போகும். நேர்கோட்டுப் பூட்டை அழுத்தினால் கோடு கிடையாகவோ குத்தாகவோதான் வரும். அளவுக்கோடுகள் தாறுமாறாக நிற்கும். ஆகவே கை தானாகவே படத்தைத் திருப்பப் போகிறது. இதற்காகவே பயனர் ஆள்கூற்று முறைமை என்ற ஒன்று இருக்கிறது. நாங்கள் பேச்சில் யூசிஎஸ் என்கிறோம். கோப்பின் அடியில் மாறாமல் கிடப்பது உலக ஆள்கூற்று முறைமை, அதை வேர்ல்ட் என்போம். அதன் மேல் நமக்கு வசதியான இடத்தில், வசதியான திசையில் இன்னொரு அச்சுத் தொகுதியை விரித்துக்கொள்ளலாம். யூசிஎஸ் கட்டளையைக் கொடுத்து, காணியின் ஒரு மூலையை உற்பத்தியாகத் தொட்டு, எல்லைக்கோட்டின் மறுமுனையை எக்ஸ் அச்சின் திசையாகத் தொட்டால் போதும். பிறகு பிளான் கட்டளையைக் கொடுத்தால் பார்வையும் அந்த அச்சுக்கு நேராகத் திரும்பி, காணி திரையில் கிடையாக வந்து நிற்கும். புள்ளிகளின் எண்கள் ஒன்றுகூட மாறியிருக்காது. மேசையில் ஒட்டியிருக்கும் தாளை அசைக்காமல் டீ ஸ்குவெயரைச் சரித்துப் பிடிப்பது போன்றது இது. வரைபலகையில் வேலை பழகியவர்களுக்கு உடனே விளங்கும்.

இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் உப்புவெளியில் ஒரு விருந்தினர் விடுதிக்கு அத்திவாரம் குறிக்கும் வேலையில் ஒரு காலைப்பொழுது முழுவதும் என்னால் வீணாகிப்போனது. அதுவும் நான் படத்தைத் திருப்பியதால் நடந்ததில்லை. சரியான முறையாகிய யூசிஎஸ்ஸை அரைகுறையாகப் பயன்படுத்தியதால் நடந்தது.

அந்தக் காணி 12 பாகை சரிந்திருந்தது. நான் யூசிஎஸ்ஸை இசட் அச்சைச் சுற்றி 12 பாகை திருப்பினேன். உற்பத்தியை மட்டும் நகர்த்தவில்லை. அது இருந்த இடத்திலேயே, அதாவது நடுக்கடலிலேயே, இருந்தது. பார்வையைப் பிளான் கொடுத்து நேராக்கி, விடுதியை வரைந்து முடித்தேன். கடைசியில் தூண்களின் மையப் புள்ளிகளை ஐடி கட்டளையால் ஒவ்வொன்றாகத் தொட்டு, வந்த எண்களை ஓர் அட்டவணையில் எழுதி அளவையாளரிடம் கொடுத்தேன். ஐடி கட்டளை காட்டுவது அந்த நேரத்தில் விரித்திருக்கும் யூசிஎஸ்ஸின் எண்களை. லிஸ்ட் கட்டளையும் அப்படித்தான், ஆள்கூற்றை எழுதிக் காட்டும் அளவுக்கோடும் அப்படித்தான். எனக்கு இது தெரியாததில்லை. ஆனால் வந்த எண்கள் ஆறு இலக்கத்தில், பார்ப்பதற்குத் தேசிய ஆள்கூறுகளைப் போலவே இருந்ததால் சந்தேகம் எழவில்லை.

ஒரு தூணை வைத்துக் காட்டுகிறேன். அதன் உண்மையான ஈஸ்டிங் 5,49,120, நோர்த்திங் 6,77,460 என்று வைத்துக்கொள்ளுங்கள். அச்சை 12 பாகை திருப்பினால் எக்ஸ் எண் 6,77,972 என்றும் வை எண் 5,48,487 என்றும் வருகின்றன. இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். கிழக்கும் வடக்கும் இடம் மாறி எழுதப்பட்டுவிட்டது போலவே தோன்றும். எங்கள் ஊர் பிதுருதலாகலவுக்கு வடகிழக்கே இருக்கிற இருப்பாலும், அந்தக் காணி சரிந்திருந்த கோணத்தாலும் தற்செயலாக நேர்ந்த ஒற்றுமை அது.

அளவையாளர் ஐயா காலை ஏழு மணிக்கே கருவியை ஊன்றிவிட்டார். நான் கொடுத்த எண்ணை உள்ளிட்டதும், புள்ளி 182 கிலோமீற்றருக்கு அப்பால் இருக்கிறதென்று கருவி காட்டியது. அவர் எனக்குத் தொலைபேசியில், “தம்பி, ஈஸ்டிங்கும் நோர்த்திங்கும் மாறிப்போச்சு போல கிடக்கு, நான் மாத்திப் போடுறன்” என்றார். நான் அட்டவணையைப் பார்த்தேன். அவர் சொன்னது முற்றிலும் சரியென்றே பட்டது. மாற்றிப் போடுங்கள் ஐயா என்றேன். மாற்றிப் போட்டதும் கருவி 800 மீற்றருக்குச் சற்றுக் கூடுதலாகக் காட்டியது. 182 கிலோமீற்றர் என்றால் எல்லோருக்கும் பிழையென்று தெரியும். 800 மீற்றர் என்றால், ஆள்கூறு தெரிந்து நிலத்தில் முளையடித்து வைத்திருக்கும் கட்டுப்பாட்டுப் புள்ளியில் ஏதோ பிழை, யாரோ முளையை அசைத்திருக்கிறார்கள் என்றுதான் எண்ணத் தோன்றும். அவர் இரண்டு கட்டுப்பாட்டுப் புள்ளிகளையும் மீண்டும் அளந்தார். அவை அசையவில்லை. மேசன்மார் நூலும் முளையும் சுண்ணாம்புத் தூளுமாக நிழலில் காத்திருந்தார்கள்.

இடையில் ஐயா செய்த ஒரு சரிபார்ப்பை நான் மறக்கவில்லை. அட்டவணையிலுள்ள எண்களைக் கொண்டு தூணுக்குத் தூண் தூரத்தைக் கணக்கிட்டார். 4.2 மீற்றர், படத்தில் உள்ளபடியே. மூலைவிட்டங்களும் சரி. நான் அலுவலகத்தில் காணியின் பரப்பை எடுத்துப் பார்த்தேன். உறுதியில் எழுதியிருந்த ஒரு றூட், அதாவது 40 பேர்ச், அப்படியே வந்தது. எல்லாம் சரியாக இருக்கும்போது இடம் மட்டும் எப்படிப் பிழைக்கும் என்று இருவரும் குழம்பினோம். அச்சைத் திருப்பினாலும் நகர்த்தினாலும் புள்ளிகளுக்கிடையிலான தூரம் மாறாது, கோணம் மாறாது, பரப்பும் மாறாது. ஆகவே படத்துக்குள்ளேயே எதை எதோடு ஒப்பிட்டாலும் இந்தப் பிழை வெளிவராது. படத்துக்கு வெளியே, நிலத்தில் நிற்கும் ஒரு புள்ளியோடு ஒப்பிட்டால் மட்டுமே வெளிவரும். நான் அட்டவணையில் தூண்களை மட்டும் எழுதியிருந்தேன். கட்டுப்பாட்டுப் புள்ளிகளில் ஒன்றையாவது அதே ஐடி கட்டளையால் தொட்டு முதல் வரியில் எழுதியிருந்தால், தன்னிடமுள்ள எண்ணோடு அது பொருந்தவில்லை என்பதை ஐயா கருவியை ஊன்றுவதற்கு முன்பே கண்டிருப்பார்.

மடிக்கணினியோடு மோட்டார் சைக்கிளில் போய், அவருக்குப் பக்கத்தில் ஒரு வேப்பமரத்தடியில் திறந்து பார்த்தபோதுதான் எனக்குப் பிடிபட்டது. திரையின் இடப்பக்கக் கீழ்மூலையில் எக்ஸ், வை என்று இரண்டு கைகளோடு அச்சுச் சின்னம் இருக்கும். வேர்ல்டில் இருக்கும்போது அந்த இரண்டு கைகளும் சேரும் மூலையில் ஒரு சின்னஞ்சிறு சதுரம் தெரியும். யூசிஎஸ் வேறாக இருந்தால் அந்தச் சதுரம் இருக்காது. நான் பார்வையையும் திருப்பியிருந்ததால் சின்னம் சரியாமல் நேராகவே நின்றது, படமும் நேராகவே நின்றது. சதுரம் ஒன்றுதான் இல்லை. யூசிஎஸ் கட்டளையில் வேர்ல்ட் என்று கொடுத்தவுடன் அது வந்து ஒட்டிக்கொண்டது. முதல் தூணை மறுபடி தொட்டேன். ஐயா எண்ணை உள்ளிட்டார். கருவி 11 மீற்றர் என்றது, தூணும் அங்கேதான் இருக்க வேண்டும். மேசன்மார் எழுந்து வந்தார்கள். அப்போது பதினொரு மணி கடந்திருந்தது.

அன்றிலிருந்து யூசிஎஸ்ஸை வெறுமனே திருப்புவதில்லை. உற்பத்தியையும் கட்டாயம் காணியின் ஒரு மூலைக்கோ கட்டடத்தின் ஒரு மூலைக்கோ கொண்டுவந்துவிடுகிறேன். அப்போது உள்ளே வாசிக்கும் எண்கள் 4.2, 8.4, 12.6 என்று சிறியனவாக இருக்கும். அவற்றைப் பார்த்துத் தேசிய ஆள்கூறென்று ஒருவரும் ஏமாற மாட்டார்கள். ஒவ்வொரு யூசிஎஸ்ஸுக்கும் பெயரிட்டுச் சேமிக்கிறேன். ‘வீதிப்பக்கம்’, ‘கடற்பக்கம்’ என்று சாதாரணப் பெயர்தான். வெளியே போகும் எந்த ஆள்கூற்று அட்டவணையும் வேர்ல்டில்தான் எடுக்கப்படுகிறது, முதல் இரண்டு வரிகள் அளவையாளரின் சொந்தக் கட்டுப்பாட்டுப் புள்ளிகள். யூசிஎஸ்ஸுக்குள் இருந்துகொண்டே உலக ஆள்கூற்றால் ஒரு புள்ளியை வைக்க வேண்டிவந்தால், எண்ணுக்கு முன் ஒரு நட்சத்திரக் குறியைப் போட்டால் மென்பொருள் அதை வேர்ல்ட் எண்ணாக எடுத்துக்கொள்ளும். இதை அறிந்தவர்கள் குறைவு, ஆனால் மிகவும் பயனுள்ளது.

ஏற்கெனவே யாரோ திருப்பிவிட்ட படம் கைக்கு வந்தால் என்ன செய்வது என்று அந்தத் தங்கச்சி கேட்டார். எத்தனை பாகை திருப்பினார்கள் என்று தேடி அலைய வேண்டியதில்லை. கட்டுப்பாட்டுப் புள்ளிகள் இரண்டும் படத்தில் குறிக்கப்பட்டிருந்து, அவற்றின் உண்மையான எண்களும் தாளில் இருந்தால், அலைன் கட்டளையால் முதற்புள்ளியை முதலாவது எண்ணுக்கும் இரண்டாம் புள்ளியை இரண்டாவது எண்ணுக்கும் இழுத்துவிடலாம். கடைசியில் அளவுத்திட்டத்தையும் மாற்றவா என்று கேட்கும்போது இல்லை என்றே சொல்ல வேண்டும். ஆம் என்றால் இரண்டாம் புள்ளியும் பொய்யாகப் பொருந்திவிடும், படம் சற்றே பெருத்தோ சிறுத்தோ போய்விடும், பிழை இருந்த தடமே தெரியாது. இல்லை என்று சொல்லிவிட்டு இரண்டாம் புள்ளி எவ்வளவு விலகி நிற்கிறதென்று பார்த்தால், படத்தை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

கட்டடக் கலைஞர்கள் மில்லிமீற்றரில் வரைகிறார்கள், அளவையாளர்கள் மீற்றரில் தருகிறார்கள். இரண்டையும் ஒரே கோப்பில் போட்டு அடிப்பது அடுத்த தலைவலி. ஓட்டோகேட் புள்ளிகளை 64 பிற் எண்களாக, 15, 16 இலக்கத் துல்லியத்தோடு வைத்திருக்கிறது. ஆகவே 67,74,60,123 மில்லிமீற்றர் என்று எழுதினாலும் கோப்பில் ஒன்றும் கெடாது. ஆனால் திரைக்கு வரும் வழியில் கிராபிக்ஸ் அட்டை பெரும்பாலும் 32 பிற் எண்களோடு வேலை செய்கிறது. அவ்வளவு பெரிய எண்ணில் அடுத்தடுத்த இரண்டு 32 பிற் எண்களுக்கிடையேயுள்ள இடைவெளி 64 மில்லிமீற்றர். ஒரு சுவரின் பூச்சை விடவும் பெரிய இடைவெளி அது. உற்பத்தியிலிருந்து மிகத் தொலைவில் வரைந்த படத்தில் வட்டங்கள் மூலை மூலையாகத் தெரிவதும், நிரப்புக் கோலங்கள் வர மறுப்பதும், பெரிதாக்கும்போது கோடுகள் துள்ளுவதும் இத்தகைய காரணங்களால்தான். அப்போதுதான் ஆத்திரத்தில் எல்லாவற்றையும் தெரிவுசெய்து 0,0க்கு இழுத்து வந்துவிடுகிறார்கள்.

அதற்குப் பதிலாக இரண்டு கோப்புகளை வைத்திருக்கலாம். கட்டடத்தை அதற்கென்றே ஒரு கோப்பில், 0,0ஐ ஒட்டி, மில்லிமீற்றரில், நேராக வரையுங்கள். கட்டடம் இன்னும் நிலத்தில் இல்லை, ஆகவே அதற்கு ஊர் முகவரி தேவையில்லை. காணிக் கோப்பு தேசிய ஆள்கூற்றில் மீற்றரில் தீண்டப்படாமல் கிடக்கட்டும். பிறகு கட்டடக் கோப்பைக் காணிக் கோப்புக்குள் வெளித் தொடுப்பாக இணைத்து, எந்த மூலை எந்த ஆள்கூற்றில் நிற்கிறது, எத்தனை பாகை திரும்புகிறது என்று ஒரே ஒரு தடவை கொடுங்கள். அளவு 0.001. இரண்டு கோப்புகளிலும் அலகு சரியாகக் குறிக்கப்பட்டிருந்தால் அந்த 0.001ஐ மென்பொருளே போட்டுக்கொள்ளும் என்பதால், தானும் போட்டு மென்பொருளும் போட்டு இரண்டு முறை சுருங்கிவிடாமல் கவனிக்க வேண்டும். மின்சாரம், நீர், வடிகால் செய்பவர்கள் எல்லோரும் அந்தக் கட்டடக் கோப்பின் 0,0ஐயே பின்பற்றினால், ஒருவர் படத்தை மற்றவர் படத்தின் மேல் வைக்கும்போது சொல்லாமலே பொருந்தும்.

இசட் அச்சைப் பற்றியும் சொல்ல வேண்டும். உவர்மலைப் பக்கம் ஒரு காணியை அளந்தால் ஒவ்வொரு புள்ளியும் கடல்மட்டத்திலிருந்து தன் உயரத்தோடு வருகிறது. அந்தப் புள்ளிகளை ஒட்டிப் பிடித்துக் கோடு போட்டால், மேலிருந்து பார்ப்பதற்குத் தரையில் கிடப்பதுபோலத் தெரியும் கோடு உண்மையில் சரிவாகத் தொங்கும். கிடைத்தூரம் 30 மீற்றரும் உயர வேறுபாடு 2.5 மீற்றருமான இரு புள்ளிகளுக்கிடையே கோடு 30.104 மீற்றர் நீளம் என்று காட்டும். 10 சென்ரிமீற்றர் எங்கிருந்து வந்ததென்று தேடிக் களைத்துப்போனவர்களைப் பார்த்திருக்கிறேன். ஓஸ்நாப்இசட் என்ற மாறியை 1 ஆக்கிவிட்டால், ஒட்டிப் பிடிக்கும்போது புள்ளியின் உயரத்தை விட்டுவிட்டு வேலை செய்யும் தளத்திலேயே கோடு விழும். கூரை போன்ற சரிந்த தளத்தில் வரையும்போது யூசிஎஸ்ஸை மூன்று புள்ளிகளால் அந்தத் தளத்தின் மேலேயே படுக்கவைக்கலாம். இறவாரத்தின் ஒரு மூலை உற்பத்தி, இறவாரம் எக்ஸ், முகட்டை நோக்கி ஏறுவது வை. இசட் எந்தப் பக்கம் நீட்டும் என்பதை அறிய வலக்கையின் பெருவிரலை எக்ஸ், சுட்டுவிரலை வை என்று விரித்தால் நடுவிரல் காட்டிவிடும்.

அன்று மாலை நிலாவெளிப் படத்தை அவர் முதலிலிருந்து செய்தார். அளவையாளரின் கோப்பைப் புதிதாகத் திறந்து, அதன் படைகளை, அதாவது லேயர்களை, பூட்டி வைத்தார். பூட்டிய படையிலுள்ளவற்றை எந்தக் கையும் தவறுதலாக நகர்த்திவிட முடியாது. வீதிப்பக்கத் தென்மேற்கு மூலையை உற்பத்தியாக்கி, எல்லையின் மறுமுனையை எக்ஸாக்கி, ‘வீதிப்பக்கம்’ என்று பெயரிட்டுச் சேமித்தார். பிளான் கொடுத்ததும் காணி நேராக வந்து நின்றது. பிறகு நான் கேட்காமலே யூசிஎஸ்ஸை வேர்ல்டுக்கு மாற்றி, மூலையில் சதுரம் வந்துவிட்டதா என்று குனிந்து பார்த்தார். முதலாவது கட்டுப்பாட்டுப் புள்ளியை ஐடி கொடுத்துத் தொட்டு, அளவையாளரின் தாளை மடியில் வைத்து, விரலால் இலக்கம் இலக்கமாக ஒப்பிட்டார். மூன்றாம் தசமம் வரை பொருந்தியது. “சரியாய் இருக்கு அண்ணா” என்றுவிட்டு இரண்டாவது புள்ளிக்குப் போனார்.

வெள்ளிக்கிழமை அச்சிட்ட தாளில் வீடு தாளின் ஓரத்துக்கு நேராக நிற்க, மேல்மூலையில் வடக்கு அம்பு வலப்பக்கமாக 19 பாகை சரிந்து நின்றது.